அத்தையோடு நடக்க ஒரு நாய்

இதய மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வந்ததும் அத்தை சொன்ன முதல் வார்த்தை, "அம்மணி, எனக்கொரு நாய் வாங்கோணும்" என்பதுதான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அறுபத்தெட்டு வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று மதுக்கரையில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, முழங்கால் தேய்மானம், போன வருடம் வைத்த ஸ்டென்ட். இரண்டு வேளையும் நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். தனியாக நடக்க அலுப்பாக இருக்கிறது, துணைக்கு நாய் இருந்தால் நடப்பேன் என்பது அத்தையின் கட்சி.

வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சின்ன வயதிலிருந்து நாய்க்கு ஆசைப்பட்டு, கடைசிவரை ஒன்றுகூட வளர்க்காதவள் நான். அத்தையைவிட எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் முழுக்க இருவரும் நாய்ப் படங்களாக அனுப்பித் தள்ளினோம். திங்கட்கிழமை லேப்ரடார், புதன்கிழமை ராட்வைலர்.

"அத்தை, அதுதானுங்க உங்களை வாக்கிங் கூட்டிட்டுப் போகும்!"

"போகட்டுமே. எனக்கு வழி தெரியும்."

கடைசியில் பீகிள் என்று முடிவாயிற்று. பக்கத்துத் தெருவில் ஒருவர் வைத்திருந்த பீகிளை ஒரு நாள் இரவல் வாங்கி நடந்து பார்த்தோம். முக்கு திரும்புமுன்பே அது ஓர் அணிலைப் பார்த்துவிட்டது. அத்தை மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், நான் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு உயிரே போய்விட்டது. அத்தையோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதன் பிறகுதான் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனோம். அத்தையின் மருந்துச் சீட்டையெல்லாம் வாங்கிப் படித்தார்.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்க. குட்டி வேண்டாமுங்க, கடிச்சு வெளையாடும். இழுக்கற சாதியும் வேண்டாம். நாலஞ்சு வயசு ஆன, அமைதியான நாயாப் பாருங்க."

தலையாட்டிவிட்டு வந்தோம். மறு ஞாயிறே குட்டி பார்க்கப் பெருந்துறைக்குப் போனோம். இரண்டு பொமரேனியன் குட்டிகள் என்று விளம்பரம் பார்த்த பின் இருவராலும் சும்மா இருக்க முடியவில்லை.

வெள்ளைப் பஞ்சுப் பொதிகள் போல ஓடிவந்தன. தூக்கிய மாத்திரத்தில் ஒன்று அத்தையின் விரலைக் கவ்வியது. சின்னக் கீறல்தான். ஆனால் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. அந்த வீட்டம்மா பதறிப்போனார்.

"தடுப்பூசியெல்லாம் போட்டிருக்குங்க, இருந்தாலும் டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்க."

அத்தையின் முகம் வாடிவிட்டது. காற்றாடட்டும் என்று வாசலில் மெல்ல நடந்தார். அதுவரை மூலையில் படுத்திருந்த தாய் நாய் எழுந்து அவர் பின்னால் போயிற்று. முழங்காலுக்காகப் பத்தடிக்கு ஒருமுறை அத்தை நின்றார். அதுவும் நின்றது. காலுக்குள் புகவில்லை, முன்னால் ஓடவுமில்லை. மதில்வரை போய்த் திரும்பினார்கள்.

"ஏனுங்க, இதுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டேன்.

"அஞ்சு முடியுதுங்க. நாங்க பெங்களூருக்கு மகன் ஊட்டுக்கே போயர்றோம். குட்டிகளைக் கேட்டு ஆள் வருது. இவளைத்தான் ஆருகிட்ட உடறதுன்னு தெரியலீங்க."

"எங்கிட்ட உடுங்க," என்றார் அத்தை. கைக்குட்டைக் கட்டு இன்னும் விரலில் இருந்தது.

குட்டிகள் பால் மறந்திருந்தன. கால்நடை மருத்துவரும் போனில் சரி சொன்னார். அடுத்த ஞாயிறு தாய் நாயை அழைத்துவந்தோம். வழி முழுக்கப் பின்சீட்டில் அத்தையின் மடியில் தூங்கியது. ஒவ்வொரு வேகத்தடைக்கும், மெல்லப் போ என்று என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார் அத்தை.

மறுநாள் காலை ஆறு மணிக்கே போன் செய்தேன். மூச்சு வாங்கியபடி எடுத்தார்.

"அப்புறம் கூப்பிடு அம்மணி. நாங்க வாக்கிங்ல இருக்கறோம்."