உப்புத் தண்ணீரில் நின்ற சக்கரம்

எண்பதுகளின் நடுவில் தர்மபுரி மாவட்டத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் மின்னியல் விரிவுரையாளராக இருந்தேன். வேலையோடு பகுதி நேர ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். ஆராய்ச்சி ஒரு கனத்த இரும்புச் சக்கரத்தைப் பற்றியது. கரண்ட் இருக்கும்போது மோட்டார் அதைச் சுழற்றிவிடும். கரண்ட் நின்றதும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் வேகத்தை மின்சாரமாகத் திருப்பித் தரும். வேகம் உராய்வில் வீணாகாமலிருக்க, சக்கரத்தை மின்காந்தத்தால் தூக்கி அந்தரத்தில் நிறுத்தவேண்டும். வெளிநாடுகளில் தண்டவாளத்தைத் தொடாமல் ரயில் ஓட்டிப் பார்க்கிறார்களே, அதே வித்தைதான். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியருக்கு அந்த ரயில்மேல் ஆசை. எனக்கு எங்கள் பக்கத்துக் கிணறுகள்மேல் கவலை. பாதிப் பாய்ச்சலில் கரண்ட் போவதும், வரும்போது தாறுமாறாக வந்து மோட்டார் கருகுவதும் அன்றாடக் கதை.

காரிமங்கலத்தில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பாய் ஒருவர் இருந்தார். அவரைப் போலக் காயில் கட்ட மாவட்டத்தில் ஆள் இல்லை என்று கேள்விப்பட்டுத்தான் தேடிப்போனேன். கருகிய மோட்டார்கள்தான் அவருக்குப் பிழைப்பு.

"நீங்க ஜெயிச்சிட்டா நான் கடைய மூட வேண்டியதுதானுங்க மேடம்" என்று சிரித்தார். ஆனாலும் காயில் கட்டித் தந்தார். பட்டறைக்குப் பின்னால் இடமும் கொடுத்தார். மார்பளவு குழி தோண்டி, இரும்புக் கூட்டுக்குள் சக்கரத்தை இறக்கி, மேலே கற்பலகை போட்டு மணல் மூட்டைகளை அடுக்கினோம். குழியை ஒட்டிய பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் வாரச்சந்தை கூடும். அதனால் பாய் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"சந்தை அன்னிக்கு மட்டும் பாதி வேகத்துக்கு மேல வேணாங்க."

சரி என்றேன்.

நான் அந்தச் சொல்லைக் காப்பாற்றாத நாள் ஒரு சந்தை நாள். இரண்டு நாளில் பேராசிரியர் வருவதாக இருந்தது. முழு வேகத்தில் எடுத்த கணக்கு ஒன்றுகூட என் நோட்டில் இல்லை. பகல் பதினோரு மணி. பாய் முன்னறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தின் வேகத்தை நான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். சக்கரம் காந்தத்தில் தொங்கிக்கொண்டு சத்தமே இல்லாமல் சுற்றியது. மீட்டர் முள் நான் குறித்துவைத்திருந்த கோட்டைத் தொட்டபோது எனக்குள் ஒரு குறுகுறுப்பு. சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கரண்ட் போனது.

போனால் லாரி பேட்டரி ஒன்று காந்தத்துக்கு உயிர் கொடுக்கவேண்டும். கொடுக்கவில்லை. அதன் முனையில் வெள்ளையாகப் பூத்து இணைப்பே விட்டுப்போயிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். காந்தம் கைவிட்டதும் சக்கரம் அடியில் இருந்த பேரிங்கில் விழுந்தது. ஆபத்துக்கென்று வைத்த சின்ன பேரிங் அது. குழியிலிருந்து எழுந்த கிறீச்சென்ற சத்தம் பல்லின் வேர் வரை போனது. பாய் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கரண்ட் திரும்பி வந்து சக்கரத்தை இன்னும் முடுக்கிவிடக் கூடாதென்று முதலில் மெயின் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினார்.

விழுந்த சக்கரத்தை அந்த வேகத்தில் காந்தத்தால் மறுபடி தூக்க முடியாது. தானாக நிற்க அரை மணிக்கு மேல் ஆகும். அதுவரை பேரிங் தாங்காது. உடைந்தால் சக்கரம் எந்தப் பக்கம் கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே வழி, சக்கரத்திலிருக்கும் சக்தியை மின்சாரமாக உறிஞ்சி எடுப்பது. அதற்காகப் பலகையில் இருபது குண்டு பல்புகளை மாட்டியிருந்தோம். சுவிட்சைத் தள்ளினேன். இருபதும் கண் கூசும் வெள்ளையாக எரிந்து, ஒரு நொடியில் மொத்தமாகச் செத்தன. பாதி வேகத்துக்குக் கணக்குப் போட்டு வைத்த பல்புகள்.

பாய் பல்புகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எவ்வளவுல வெச்சீங்க?"

"முழுசா, பாய்."

அவர் உடனே வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "செவுத்தோரம் இருக்கறவங்கள எல்லாம் எழுப்பி அந்தாண்ட அனுப்பு. சீக்கிரம்!"

அந்த அம்மா ஏன் என்று கேட்கவில்லை. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சந்தைக்குள் ஓடினார். சுவரின் நிழலில் ஆட்டுக்காரர்கள் குந்தியிருப்பார்கள். அவர் குரல் சுவர் தாண்டிக் கேட்டது.

"எந்திரிங்க, எந்திரிங்க! செவுத்துல கரண்ட் பாயுது!"

"கரண்ட்டுதான் போயிருச்சேம்மா" என்றார் ஒரு ஆட்டுக்காரர்.

"எப்ப வரும்னு உனக்குத் தெரியுமா? வந்தா நீயும் போவ, உன் ஆடும் போவும். எந்திரி!"

சக்கரத்தின் சத்தம் இப்போது தடித்திருந்தது. என் மூளை மரத்துப்போயிருந்தது. பெரிய தாங்குதிறன் உள்ள ஏதாவது வேண்டும், எதையாவது சூடாக்கவேண்டும் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கல்லூரி ஆய்வகம் நினைவுக்கு வந்தது. டைனமோவைச் சோதிக்க அங்கே உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு தகடுகளை இறக்குவோம். ஆழம் கூடக்கூட அது அதிகம் இழுக்கும்.

"பாய், ரெண்டு தகடு வேணும், ஒரு பிளாஸ்டிக் பக்கெட் நிறையத் தண்ணி வேணும். உப்பு நான் கொண்டு வரேன்."

சந்தைக்குள் ஓடினேன். உப்புக்காரம்மாவிடம் ஒன்றும் கேட்காமல் இரண்டு கையாலும் கல்லுப்பை அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டேன். "ஏய், யாரு தாயி அது, பைத்தியமா?" என்று பின்னால் கத்தினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

வருவதற்குள் பாய் இரண்டு தகடுகளை ஒரு மரச்சட்டத்தில் இடைவெளி விட்டு மாட்டி, வயரை முடுக்கியிருந்தார். உப்பைக் கொட்டிக் கலக்கினேன். சட்டத்தைப் பிடிக்க அவர் கை நீட்டியபோது, "நான் பிடிக்கறேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றார். ரப்பர் செருப்போடு ஒரு பலகைமேல் ஏறி நின்று, தகடுகளின் முனையைத் தண்ணீரில் தொடவிட்டேன். படீரென்று நீலப் பொறி. தண்ணீர் சீறியது. கொஞ்சம் இறக்கினேன். நுரை பொங்கியது.

"முள்ளு எறங்குதுங்க" என்றார் பாய், மீட்டருக்குப் பக்கத்திலிருந்து. "இன்னும் கொஞ்சம் எறக்குங்க. போதும், போதும். நிறுத்துங்க."

தளர்ந்த பேரிங்கில் சுற்றும் சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உதறும்; வேகம் பாதியாகக் குறைந்த இடத்தில் குழி முழுக்க உதற ஆரம்பித்தது. மேலிருந்த மணல் மூட்டை ஒன்று சரிந்து விழுந்தது. கற்பலகை நகர்ந்து ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி தெரிந்தது. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. சட்டத்தை விட்டால் அது சரிந்து தகடுகள் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுமே என்ற ஒரே பயத்தில்தான் நின்றேன். அதைத் தைரியம் என்று பிறகு சிலர் சொன்னபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. எதிரே பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். உதறல் அடங்கியது. சத்தம் முனகலாகி, தடதடவென்று நாலைந்து முறை அடித்து நின்றது. சந்தையின் இரைச்சல் மறுபடி காதில் விழுந்தது.

பாயின் மனைவி மூச்சிரைக்க வந்தார். வயரைக் கழற்றியாயிற்றா என்று எங்களைக் கேட்டுக்கொண்டு பக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதுக்கா இம்புட்டு ஓட்டம்? கொழந்தைக்கு ஊத்தற சூடுதான் இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் அழுகையாகிவிட்டது. அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, கையிலிருந்த உப்பைத் துடைத்துவிட்டார்.

பாய் பேட்டரி முனையைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "முழுசா வெக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த பேட்டரிய நான் பாத்திருப்பேனேங்க மேடம்."

அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியர் வந்தார். சுழலும் சக்கரத்துக்குப் பதிலாக சூட்டில் நீலம் பாய்ந்து நொறுங்கிய பேரிங்கைக் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் பேரிங்கை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த ஒரு வருடம் விழும் சக்கரத்தை எப்படித் தாங்குவது என்பதை மட்டும் பார்க்கச் சொன்னார். பிறகு, "அந்தச் சுவரோரம் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த சந்தைக்குப் போனேன். உப்புக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் கேட்ட ஆட்டுக்காரரை விசாரித்துத் தேடிப் பிடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது, அது உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், தப்பு யாருடையது என்று நின்றபடியே சொன்னேன். அவர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதானா! அன்னிக்குக் காலைல இருந்தே ஆடுங்க நெலத்துல கால ஊனாம தவிச்சுதுங்க. நோவு ஏதோ வந்துருச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

கயிறுகளை அவிழ்த்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு மைதானத்தின் எதிர்க்கோடிக்குப் போய்விட்டார். நிழலே இல்லாத இடம் அது. அதற்குப் பிறகு நான் அங்கே வேலை செய்த இரண்டு வருடமும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி வரவே இல்லை.