அக்கா மொழிபெயர்த்த ரஷ்யக் கதைகள்

யுத்தம் நடந்த வருடங்களில் நானும் அக்காவும் வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். அக்கா மொஸ்கோவில் பொறியியல் படித்தவள். கொழும்பில் அரசாங்க வேலை. யாழ்ப்பாணத்தில் அத்தான் ஆசிரியர். அவர்களுடைய ஆறு வயது மகன் அவரோடு இருந்தான். அத்தானுக்கு இடமாற்றம் கிடைப்பதற்குள் வடக்குக்குப் போகிற பாதை மூடிவிட்டது.

மொஸ்கோவிலிருந்து அக்கா கொண்டுவந்த பெட்டியில் ஒரு சிறுவர் கதைப்புத்தகம் இருந்தது. பத்துக் கதைகள். வேலை விட்டு வந்ததும் தேத்தண்ணியை ஆறவிட்டு, அவற்றைத் தமிழில் எழுதுவாள். ஒரு கதை முடிந்தால், அனுமதி கிடைத்து வடக்கே போகிற யாரையாவது தேடிப்பிடித்து மகனுக்குக் கொடுத்தனுப்புவாள்.

ஒரேயொரு தடவை பதில் வந்தது. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், பென்சிலால்: "நரிக்குட்டி வீட்டை வந்திட்டுது. நீங்கள் எப்ப வருவீங்கள்?" அதன்பின் இரண்டு நாள் அவள் பேனையைத் தொடவில்லை.

அந்தக் கதைகளை எழுதியவரைப் பற்றி ஒருநாள் கேட்டேன்.

"அவர் பாலம் கட்டுற எஞ்சினியர். அங்கத்தைய யுத்தத்தில அவரின்ர ரெண்டு பிள்ளைகளும் பசியில செத்துப்போச்சுதுகள். பிறகுதான் எழுதத் தொடங்கினவர். ஒரு கதையிலயும் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவராமல் விடமாட்டார்" என்றாள்.

ஒன்பதாவது கதை போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அத்தானின் நண்பர் ஒருவர் வவுனியாவுக்கு வந்து, எங்கள் வீட்டுக்காரரின் போனுக்கு எடுத்தார். நான்தான் கதைத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விமானம் குண்டு போட்டிருந்தது. மகனின் இறுதிச்சடங்கு எல்லாம் முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது. போவதற்கு அனுமதி கேட்டு அக்கா எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, பத்தாவது கதையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"இனி ஆருக்கு அக்கா?"

"அவர் ஆருக்கு எழுதினவர்?"

பனியில் வழி தவறிய ஒரு சிறுமியின் கதை அது. முடிவை மாற்றிவிடுவாளோ என்று நினைத்தேன். மாற்றவில்லை. 'தாய் கதவைத் திறந்தாள்' என்ற வரியை மட்டும் நாலு தரம் வெட்டி வெட்டி எழுதியிருந்தாள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் புத்தகம் போட்டோம். முன்னுரையில் அந்த எழுத்தாளரின் வாழ்க்கையை அக்கா அரைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். அச்சகக்காரர் அதில் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"மிஸ், 'அவருக்கு இரண்டு பிள்ளைகள்' எண்டு நிக்குது. செத்துப்போனவைதானே? 'இருந்தார்கள்' எண்டு போடுவமா?"

"வேண்டாம் ஐயா. அப்பிடியே இருக்கட்டும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பாதை திறந்ததும் அத்தான் வந்தார். மகன் கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் நிறத்தை மட்டும் அவள் கேட்டாள். நீலம் என்றார். சில மாதங்களில் அவர் திரும்பிப் போனார். அக்கா வேலைக்குப் போய் வந்தாள். ரஷ்ய மொழியில் அதற்குப் பிறகு ஒரு வரியேனும் அவள் வாசித்து நான் பார்த்ததில்லை.