அப்பாவின் மொனிட்டரில் நேர்கோடு

அக்கா நேர்சிங் படிக்கப் போனதில் எனக்குத்தான் தலைக்கனம் ஏறியது. லீவில் பிலிமத்தலாவை வீட்டுக்கு வந்தால் கொப்பியை என்னிடம் கொடுத்து, "கேள்வி கேளுடி" என்பாள். சிங்களமும் இங்கிலீசும் கலந்த கொப்பி. நான் அதிலிருந்த இதயத்துடிப்புக் கோட்டுப் படத்தைக் காட்டித்தான் கேட்பேன். ஒழுங்காக ஏறி இறங்கினால் சைனஸ் ரிதம், நல்லது. கிறுக்கியதுபோல் நடுங்கினால் ஃபிப்ரிலேஷன், ஆபத்து. நேராகவே ஓடினால் அசிஸ்டோலி.

"அப்படின்னா?"

"இதயம் நின்னுபோச்சுன்னு அர்த்தம்."

ஒன்பது வயதுக்காரிக்கு இது போதாதா? வகுப்பில் டீச்சருக்கே பாடம் எடுத்தேன்.

அந்த வருசமே அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, கண்டியில் அக்கா பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். நோயாளரைப் பார்க்க விடும் நேரத்தில் அம்மாவோடு போனேன். அப்பா மருந்து மயக்கத்தில் தூங்கினார். பக்கத்தில் நேர்ஸ் மிஸ்ஸிமார் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அம்மா முந்தானை முடிச்சிலிருந்து தைலக் குப்பியை எடுத்தாள். எங்கள் வீட்டில் காய்ச்சலோ கால்சுளுக்கோ, தைலம் தேய்க்காமல் எதுவும் ஆறாது. அப்பாவின் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சு முழுக்க மெல்லத் தடவினாள்.

நான் மொனிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்கிய கோடு சட்டென்று நேராக ஓடியது. மெஷின் கத்தியது.

"அசிஸ்டோலி! ஐயோ அம்மா, அப்பா செத்துட்டாரு!"

அம்மா தைலக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். அந்தச் சத்தத்தில் அப்பா கண் விழித்து, "யாரு செத்தது?" என்றார்.

ஓடிவந்த அக்கா முதலில் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகுதான் தைலத்தில் வழுக்கி நெஞ்சிலிருந்து கழன்ற மொனிட்டர் வயர் ஒட்டுகளைப் பார்த்தாள். "மெஷினைப் பார்க்க முந்தி ஆளைப் பாருடி, கழுதை!" துடைத்து, புதிதாக ஒட்டினாள். கோடு மறுபடி ஏறி இறங்கியது. வார்டே சிரித்தது, அப்பாவும் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. கோட்டின் நடுவே அகலமாகச் சில மேடுகள் தனித்தும் சேர்ந்தும் வந்தன. உதட்டுக்குள் எண்ணினாள். ஓடிப்போய் டொக்டரை அழைத்து வந்தாள். அவர் ஊசி போடச் சொன்னார்.

"அது என்னக்கா?"

"ஒண்ணுமில்ல." அம்மாவிடம் திரும்பி, "இன்னைக்குக் கொஞ்சம் இருந்துட்டுப் போங்கம்மா. நான் மிஸ்ஸிகிட்ட கேட்டுக்கிறேன்" என்றாள்.

எனக்கோ பசி, வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது. கோடுதான் ஓடுகிறதே, இன்னும் என்ன? "பஸ் போயிரும், வாங்கம்மா" என்று அழுது அடம்பிடித்து, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பாவி நான்! அப்பா படுத்தபடியே கையைக் காட்டினார்.

மறுநாள் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். எல்லோரும் அழுதார்கள், நான் மட்டும் அழவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து அக்காவின் காதருகே போனேன்.

"ஒட்டு கழண்டிருக்கும்க்கா. நல்லாப் பார்த்தியா?"