தங்க உறுப்பினர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் யாரும் தும்மக்கூடாது. மிக்ஸி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது, நர்சிங் படிக்கும் மகள் வாய்விட்டுப் படிக்கக்கூடாது. அவள் எலும்புகளின் பெயர்களை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியிடம் ஒப்பித்துவிட்டு வருவாள். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா கணக்குப் போடுகிறார்.

அப்பாவுக்கு டயர் தொழிற்சாலையில் எடைமேடை வேலை. லாரி ஏறி நின்றால் எத்தனை டன் என்று சீட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் நண்பர்கள் வைத்த பெயர் புரொபசர். எந்தக் குதிரை எத்தனை கிலோ சுமக்கிறது, போன தடவை எத்தனை தூரம் ஓடியது, தரை ஈரமா, குதிரை ஓட்டும் ஜாக்கி புதுசா என்று ரேஸ் புத்தகத்தைப் பிரித்து மேய்ந்து, தானே ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று காசு கொடுத்து டிப்ஸ் வாங்குகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "அடுத்தவன் பல்லால மெல்லுற பசங்க" என்பார்.

அவர் மனைவியை எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசிப் பிள்ளையாகப் பிறந்ததற்காக வைத்த பெயர், நாற்பத்தைந்து வயதிலும் அவளை விட்டுப் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கணக்கை அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். நாலு தடவை தோற்பார், ஒரு தடவை ஜெயிப்பார். ஆனாலும் அந்தத் தோல்வியில் ஒரு நிதானம் இருந்தது. வீடு ஒரேயடியாக இடியாமல் மெதுவாகக் கரைந்தது. கரைந்ததை அடைக்கத்தான் அவள் வேலைக்குப் போனாள்.

"என்ன வேலை?" என்று புரொபசர் கேட்டார்.

"போன் எடுக்கிற வேலை."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மருந்துக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், காதில் ஹெட்போன் மாட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து குதிரை டிப்ஸ் விற்கும் கம்பெனி அது. குதிரைக்கு எத்தனை கால் என்று கேட்டால் முதலாளி எண்ணிப் பார்த்துத்தான் சொல்வார். தொழில் மட்டும் அவருக்கு அத்துப்படி.

"ஓடுறது எட்டு குதிரை. காசு கட்டுனவங்கள எட்டாப் பிரிச்சு ஆளுக்கொரு குதிரை குடு. எட்டுல ஒண்ணு ஜெயிக்காம எங்கம்மா போயிடும்?"

ஜெயித்த கூட்டத்துக்கு அடுத்த வாரம் தங்க உறுப்பினர் என்று பட்டம் கட்டி, கட்டணத்தை இரண்டு மடங்காக்குவார்கள். அந்தக் கூட்டத்தை மறுபடியும் பிரிப்பார்கள். தோற்றவர்களுக்குப் பின்வரிசைப் பெண்கள் வேறு கம்பெனியின் பெயரில் போன் போடுவார்கள். சல்லடையில் சலிப்பது போலத்தான். கடைசிவரை மேலே நிற்கிறவன், கம்பெனிக்காரனுக்குக் குதிரை லாயத்திலேயே ஆள் இருப்பதாகச் சத்தியம் பண்ணுவான்.

அந்த வருஷம் புரொபசர் மூன்று ஞாயிறு தொடர்ந்து ஜெயித்தார். நடையே மாறிவிட்டது. மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள்தான் ஒதுங்கினார்கள். அந்தச் சமயம் பார்த்துத் தொழிற்சாலையில், விருப்பப்பட்டு வேலையை விடுகிறவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

"வாங்கிட்டு வெளிய வந்துடப் போறேன்" என்றார் சாப்பாட்டுத் தட்டின் முன்னால். "இனிமே என் மூளைதான் எனக்குச் சம்பளம். உங்க அண்ணனும் வேலைய விட்டுட்டு என்கூட வர்றான்."

சின்னவளின் கை கரண்டியோடு நின்றது. குடியிருக்கும் வீடு தொழிற்சாலை கொடுத்தது. வேலை போனால் வீடும் போகும். மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி.

"ஏங்க, மூணு வாரம் ஜெயிச்சதுக்கு வேலைய விடுவாங்களா?"

"குதிரைக்கு வால் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமாடி உனக்கு? கொழம்ப ஊத்து."

அவள் ஊற்றினாள். தட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் ஊற்றினாள்.

அந்தச் சனிக்கிழமைதான் முதலாளி அவளைத் தங்க உறுப்பினர் மேஜைக்கு மாற்றினார். அந்த மேஜைக்கென்று ஒரு குரல் உண்டு. அச்சடித்த தமிழில், தேன் தடவிப் பேச வேண்டும். மதியத்துக்குப் பிறகு ஒரு போன் வந்தது.

"வணக்கம் சார், தங்க உறுப்பினர் பிரிவு. தாங்கள் யார் பேசுகிறீர்கள்?"

"பேங்க் மேனேஜர் பேசுறேன்" என்றது கனத்த குரல். பின்னால் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. குரல் போனைவிட்டு விலகி வேறு யாரையோ அதட்டியது. "யோவ், பின் டயர் மேடைக்கு வெளிய நிக்குது! முன்னாடி வாய்யா, முன்னாடி!"

எந்த பேங்கில் லாரியை நிறுத்தி எடை போடுகிறார்கள்?

சின்னவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"ஹலோ, சொல்லும்மா. இந்த வாரம் நமக்கு என்ன குதிரை?"

திரையில் இருந்ததை வாசித்தாள். ஆறாவது ரேஸ், ஏழாம் நம்பர். "வெற்றி உங்களுடையது, மேனேஜர் சார்."

"ரொம்ப நன்றிம்மா. உங்க குரல் ரொம்ப நல்லாருக்கு."

போன் வைக்கப்பட்டது. இருபது வருஷமாகக் காது கொடுக்காத குரலைப் போனில் மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்திக்கொண்டு வந்தது. சனிக்கிழமையே குதிரையை விலைக்கு வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வீட்டின் வாயைக் கட்டிப்போட்டு, அந்த மனுஷன் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார்?

பேசாமல் ஒரு தோற்கிற குதிரையைச் சொல்லியிருக்கலாமே என்று பஸ்ஸில் நினைத்தாள். எது தோற்கும்? அது தெரிந்தால் எது ஜெயிக்கும் என்பதும் தெரிந்துவிடாதா? ஏழே ஜெயித்துத் தொலைத்தால் திங்கட்கிழமை வேலையை விடும் கையெழுத்து நிச்சயம். குதிரையை நம்பிப் பிரயோஜனமில்லை. வாயைத் திறக்க வேண்டியதுதான்.

மறுநாள் முன்னறையில் அவள் அண்ணனும், புரொபசரின் நண்பர் வெல்டரும் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். உள்கதவு திறந்தது. புரொபசர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"மச்சான், மண்டையே சூடாயிடுச்சு. எடை, தூரம், தரை எல்லாத்தையும் அலசிட்டேன். ஆறாவது ரேஸ்ல…"

"ஏழாம் நம்பர்" என்றாள் சின்னவள் சமையலறை வாசலில் நின்று. பிறகு தேன் தடவிய அந்தக் குரலில், "வெற்றி உங்களுடையது, மேனேஜர் சார்" என்றாள்.

புரொபசரின் முகம் கறுத்தது. அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சின்னவளே, என்ன பேச்சு இது?"

"உங்க மாப்பிள்ளைகிட்டக் கேளுங்கண்ணே. அந்தக் குதிரை அவர் மூளையில பொறக்கல. எங்க ஆபீஸ்ல காசு கட்டி வாங்குனது. நேத்து நான்தான் வாசிச்சேன்."

"அந்தத் திருட்டுக் கம்பெனியிலயா வேலை பாக்குறே?" புரொபசர் கத்தினார். "வெட்கமா இல்ல?"

"வெட்கமாத்தான் இருக்கு. திருட்டுக் கம்பெனின்னு தெரிஞ்சுமா காசு கட்டுனீங்க?"

"அது சாதாரண ஆளுங்களுக்கு. தங்க உறுப்பினருக்கு உள்ளேருந்து சேதி வருது. உன்னை மாதிரி போன் எடுக்கிறவளுக்கு அதெல்லாம் என்ன தெரியும்?"

வெல்டர் டீ கிளாஸைத் தரையில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"புரொபசரே, கோவிச்சுக்காதீங்க. என்னையும் போன வாரம் தங்கமாக்கிட்டாங்க. எனக்கு ஆறாவது ரேஸ்ல மூணாம் நம்பர்னு சொன்னாங்களே."

வெல்டர் தலையைச் சொறிந்தார்.

"போன வாரம் உங்க குதிரையும் என் குதிரையும் ஒண்ணா இருந்துச்சு. பெரிய மூளைக்காரங்க எல்லாம் ஒரே மாதிரி யோசிப்பாங்கபோலன்னு விட்டுட்டேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "டேய் மாப்ள, உன்னை நம்பி நாளைக்கு நான் வேலைய விட இருந்தேனேடா!" செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வெல்டர் டீயை முடித்துவிட்டுத்தான் போனார். "வர்றேன் தங்கச்சி" என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

புரொபசர் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"என் கணக்குல ரெண்டாம் நம்பர்தான் வந்துச்சு."

"அப்ப நெஜமாவே கணக்குப் போட்டீங்களா உள்ள?"

"எல்லா வாரமும் போட்டேன்."

"அப்புறம் ஏன் அதைச் சொல்லல?"

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது. அடுத்த நொடி, மொட்டைமாடி வெயிலில் நின்று எலும்புகளை ஒப்பித்த மகளின் முகம் ஞாபகம் வந்தது. பாவம் பார்ப்பது போய்விட்டது.

சாயங்காலம் ரேஸ் முடிவு வந்தது. ஏழு வரவில்லை, மூன்றும் வரவில்லை, இரண்டும் வரவில்லை. எவரும் சீந்தாத ஐந்தாம் நம்பர் ஜெயித்திருந்தது. கம்பெனியில் எட்டில் ஒரு பங்கு ஆட்கள் அன்று ஆகாயத்தில் மிதந்திருப்பார்கள். நாளைக்கு அவர்களை அவள்தான் தங்கமாக்க வேண்டும். வேறு வேலை கிடைக்கிறவரை அதையும் செய்தாக வேண்டும்.

திங்கட்கிழமை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கையெழுத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. பொழுது சாயும் வேளையில் அண்ணன் போன் போட்டார்.

"மாப்ள கையெழுத்துப் போடல. நானும் போடல. எடைக்கு வர்ற லாரிக்காரங்ககிட்டயெல்லாம் உன்னைத்தான் திட்டிக்கிட்டிருக்கான். வீட்டுல ஒரு ராட்சசி, மனுஷன முன்னேற விடமாட்டேங்குறாளாம்."

"திட்டட்டும்ணே. எடைமேடையில உக்காந்துதானே திட்டுறாரு?"

"ஆமா."

"அது போதும்."

அவர் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சின்னவள் மகளின் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானே சோற்றையும் குழம்பையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வாய் வைத்தார்.

"உப்பு இல்ல" என்றார் பொதுவாக.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த பொத்தானை எடுத்தாள்.