அண்ணனின் காதும் மிதக்கும் பிரிட்ஜும்

போன டிசம்பர் மூன்றாவது சனிக்கிழமை, காலை பத்தரை மணி. குளச்சலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மறுநாள் மாலை ஆறு மணிக்குச் சபையில் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை. அதில் ஒரே ஒரு பாட்டுக்கு கிட்டார் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தார் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அண்ணன். எனக்கு உறவில்லை, பாடகர் குழுவில் இருபது வருடப் பழக்கம். பஹ்ரைனில் வேலை பார்த்தபோது வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஊர் திரும்பியவர்.

அந்த வருடம் மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. வலது கைவிரல்கள் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. ஒன்பது மாதங்களில் அவராகக் கேட்டு வாங்கிய முதல் காரியம் இந்த ஒரு பாட்டுதான்.

"தந்தி மாத்தணும் மக்கா. எனக்க கையால முடியாது. நீ செஞ்சு தா" என்றார்.

நான் தயங்கவே இல்லை. என்னுடைய சாதாரண மரக் கிட்டாருக்கு இருபது வருடமாக நானே தந்தி மாற்றுகிறேன். மாற்றிய தேதியை நோட்டில் குறித்தும் வைக்கிறேன். உப்புக்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகைக்கு முன் ஆறு தந்திகளையும் மொத்தமாகக் கழற்றி, விரல் வைக்கும் கட்டையில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, கொஞ்சம் தடித்த தந்தியாகப் பார்த்துப் போடுவோம். தடித்தது அதிக நாள் உழைக்கும்.

அண்ணனின் கிட்டார் வேறு சாதி. தலைப்பக்கம் ஆறு தந்திகளையும் சின்ன இரும்புக் கட்டைகள் கவ்வி இறுக்கிப் பிடித்திருக்கும். மறுமுனையில், தந்திகள் வந்து சேரும் பிரிட்ஜிலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கவ்வி. பிரிட்ஜில் ஒரு கைப்பிடி. அதை அமுக்கினால் சுருதி வழுக்கிக்கொண்டு இறங்கும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். அப்போது சுருதி கலையாமல் இருக்கத்தான் இரண்டு பக்கமும் பூட்டு. இதையெல்லாம் நான் எங்கெங்கோ படித்திருந்தேன். படித்திருந்ததே போதும் என்று நினைத்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வழக்கம்போல ஆறையும் கழற்றினேன், துடைத்தேன், தடித்த தந்தி போட்டேன். போனில் இருக்கும், சுருதி காட்டும் ட்யூனரில் பச்சை விளக்கு வரும்வரை ஒவ்வொன்றாக முறுக்கினேன். கடைசித் தந்தி முடிந்ததும் முதல் தந்தியின் சுருதி இறங்கியிருந்தது. புதுத் தந்தி இழுபடும்தானே என்று இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. பிரிட்ஜின் பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. இந்த வகைக்கு 'மிதக்கும் பிரிட்ஜ்' என்று பெயர் உண்டு என்று படித்திருந்ததால், மிதக்கிறது என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் மேற்கூரை வார்ப்பு. கான்கிரீட் மிஷின் சத்தத்தில் மொத்தமாக ஒரு தடவை மீட்டிக் கேட்கவும் இல்லை. பூட்டுகளை இறுக்கி, நாலு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் சில தந்திகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு பிடித்து மீட்டினார். முகம் மாறியது. விரலைச் சரிசெய்து இன்னொரு தடவை மீட்டினார்.

"ட்யூன் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன் அண்ணே. ஆறும் பச்சை."

எனக்கும் அது கோணலாகத்தான் கேட்டது. ஆனால் நான் கிட்டாரைப் பார்க்கவில்லை, அவருடைய விரல்களைப் பார்த்தேன். கார்டு பிடிக்கும் இடது கைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

"கைதான் போச்சுன்னு நெனச்சேன் மக்கா. காதும் போயிருக்கு" என்றார். கிட்டாரைக் கட்டிலில் வைத்தார். "நாளைக்கு என்னைய எதிர்பாக்காண்டாம்னு சொல்லிரு."

நான் மறுக்கவில்லை. அவர் தோளில் கைவைத்து, "மெதுவா எல்லாம் செரியாவும் அண்ணே" என்று ஆறுதல் சொன்னேன். அந்த ஆறுதலை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வாசல்வரை அண்ணனின் மனைவி, எங்கள் மைனி, கூடவே வந்தார்.

"தம்பி, அவியளுக்க காதுக்கு ஒரு கேடும் இல்ல. நேத்து நான் மிக்சி போட்டா, சத்தம் மாறிட்டு, பேரிங் போவப்போவுதுன்னு அந்த ரூம்ல இருந்து சொல்லுகாவ. எனக்க அக்காகிட்ட போன்ல அவியளப் பத்தி நாலு குறை மெதுவாச் சொன்னேன். அதுவும் கேட்டுருக்கு. நீ அந்தச் சாமானத் திருப்பி ஒருக்கப் பாரு."

திரும்பி உள்ளே போய், கிட்டாரை முன்னறைக்கு எடுத்துவந்து ட்யூனரில் பார்த்தேன். கடைசியாக முறுக்கிய தந்தி மட்டும் சரி. முதலில் முறுக்கியது அதிகமாக இறங்கியிருந்தது, அடுத்தது அதைவிடக் கொஞ்சம் குறைவாக. நான் முறுக்கிய வரிசையிலேயே தப்பும் வரிசையாக நின்றது.

நாகர்கோவிலில் கிட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். பிரிட்ஜ் எந்த வகை என்று கேட்டார். "பூட்டு வச்ச ட்ரெமோலோ, கைப்பிடி உள்ளது" என்றேன்.

"அது கல்யாண வீட்ல மாமா வந்தாருன்னு சொல்லுகது மாதிரி. எந்த மாமா? சிலது மரத்துல படிஞ்சு கெடக்கும், சுருதி கீழ மட்டும் போவும். சிலதுல பிரிட்ஜ் பக்கம் மட்டும் பூட்டு, தலைப்பக்கம் கெடையாது. கைப்பிடிய அசைக்காத நேரம் ஆடாம நிக்கதுக்குத் தனியா ஒரு கொக்கி வச்சதும் உண்டு."

நான் பார்த்ததைச் சொன்னேன்.

"அப்ப ரெண்டு பக்கமும் பூட்டு, நடுவுல மிதக்குகது. அது தராசுல்லா சார். முன்னால தந்தி இழுக்கும், பின்னால ஸ்பிரிங் இழுக்கும். ஒரு தந்திய முறுக்குனா பிரிட்ஜ் சாயும், மத்த அஞ்சும் எறங்கும். பழைய தந்தியவிடத் தடிச்சது போட்டியளா?"

"ஆமா."

"ஆறையும் ஒண்ணாக் கழத்துனியளா?"

"ஆமா."

"கொள்ளாம், நல்ல வேலைதான். இதுல ஒண்ணொண்ணாத்தான் மாத்தணும்" என்றார். பிறகு செய்ய வேண்டியதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

முன்னறையிலிருந்து அண்ணனின் கட்டிலுக்குப் பத்தடி இருக்கும். அதை நடக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அண்ணே, தப்பு எனக்க தப்பு. சுருதிதான் சரியில்ல. ஒங்க காது இல்ல."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப எனக்குக் கேட்டது செரிதானா?" என்றார். மறுபடியும் அதையே கேட்டார்.

"செரிதான் அண்ணே. எனக்கும் கோணலாத்தான் கேட்டுது."

"பின்ன ஏன்லே சொல்லல?"

மறுநாள் காலை ஆராதனை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி, கிட்டாரை அவர் கட்டிலருகே சாய்த்து வைத்தேன்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து பன்னிரண்டே முக்காலுக்கு இருவரும் உட்கார்ந்தோம். தலைப்பக்கப் பூட்டுகளைத் தளர்த்தினேன். கிட்டாரின் முதுகு மூடியைத் திறந்து, பிரிட்ஜ் சாயாமல் நிற்க, அதன் அடிக்கட்டைக்குப் பின்னால் இருந்த இடைவெளியில் மடித்த அட்டையைச் செருகவேண்டும். மைனி பழைய கல்யாணக் கார்டு ஒன்றைக் கொண்டுவந்தார். "இந்தக் கல்யாணத்துல எனக்குப் பந்தியில எடம் கெடைக்கல்ல. இப்பமாவது ஒபயோகப்படட்டு" என்றார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அண்ணன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்தேன். பிறகு ஸ்பிரிங்குகளை இழுத்துப் பிடிக்கும் இரண்டு நீள ஸ்க்ரூக்களையும் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினேன். இறுக இறுக அட்டையின் பிடி தளர்ந்தது. கடைசியில் கார்டு தானாக நழுவி மடியில் விழுந்தது. பிரிட்ஜ் மட்டமாக நின்றது. பூட்டுகளை இறுக்கினேன்.

பூட்டிய பிறகு வரும் சின்ன வித்தியாசத்தைச் சரிசெய்ய பிரிட்ஜிலேயே ஆறு சிறு திருகுகள் உண்டு. அவை மெத்தென்று திரும்பும். நான் போனை எடுத்தேன். அண்ணன் தலையாட்டி வேண்டாம் என்றார். வலது கைப் பெருவிரலையும் நடுவிரலையும் சேர்த்து, ஒவ்வொரு திருகாக அவரே திருப்பினார். விரல் நழுவியது, மறுபடி பிடித்தார். இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டி, கண்ணை மூடிக் கேட்டார். முழுதாக இருபத்தைந்து நிமிடம் ஆனது. மைனி சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்றார். நான் ட்யூனரில் சரிபார்க்கவில்லை. பார்க்கவேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

அன்று மாலை அவர் வாசித்தார். மூன்றாவது சரணத்தில் ஓர் இடத்தில் கை பிந்தியது. பாடகர் குழு நின்று, அவர் வந்ததும் சேர்ந்துகொண்டது.

நோயில் தளர்ந்த ஒருவர் குறை தன்னிடம்தான் என்று சொன்னால் நாம் சட்டென்று நம்பிவிடுகிறோம், அது நமக்கு வசதியாகவும் இருக்கிறது. இப்போதெல்லாம் யாருக்காவது ஆறுதல் சொல்ல வாயெடுக்கும்போது, அதற்கு முன் நான் சரிபார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.