சுத்தமான கைகளுக்குக் கைதட்டல்

இன்று எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குச் சுகாதார உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். ஒரு மாணவனின் கையில் மினுங்கும் தூளைப் பூசி, எல்லோரையும் ஒருவரோடொருவர் கைகுலுக்கச் சொன்னார். கிருமி எப்படிப் பரவுகிறது என்று காட்டுவதற்காம்.

சற்று நேரத்தில் வகுப்பு முழுவதும் மினுங்கியது, ஒருத்தியைத் தவிர. அவள் தோட்டத்துத் துப்புரவுத் தொழிலாளியின் மகள். அவளுடைய லயத்து வரிசை வீடுகளில் வசிக்கும் பிள்ளைகள்கூட அவளுக்குக் கை கொடுக்கவில்லை.

"பாத்தீங்களா, இந்தப் புள்ள கைதான் சுத்தம்! எல்லாரும் கை தட்டுங்க" என்றார் அவர்.

தட்டினார்கள்.

அவள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "சேர், நான் என்னா செஞ்சேன்னு தட்டுறாங்க?"

நான் கற்பிப்பது விஞ்ஞானம் மட்டும். கைதட்டிய பிள்ளைகளின் பெற்றோர் சிலர் இந்த முகநூல் பக்கத்தில் இருக்கிறீர்கள். தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள். நாளை அவளிடம் சொல்லிவிடுகிறேன்.