நாமக்கட்டிக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டில் நான் ஆக்கியதைச் சாப்பிடக் கூடாதென்று இரண்டு ஜீவன்களுக்கு விதி இருந்தது. ஒன்று என் மாமனார். இன்னொன்று என் நாய். மாமனார் விதியை அவரே போட்டுக்கொண்டார். நாய்க்கு மாட்டாஸ்பத்திரி டாக்டர் போட்டார். அந்த வருஷம் ஆனியிலிருந்து ஐப்பசி வரைக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் முதலில் வருகிறது.

நாங்கள் பயிர் வைக்கிற குடும்பம். நிலம் வேகவதி ஆத்துக்கு அந்தண்டை, வீடு சின்ன காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர் தெருவில். நான் வாழ வந்தபோது மாமியார் இல்லை. வந்த மறுநாளிலிருந்து அடுப்பு என் பொறுப்பு. என் கைக்குழம்பை மாமனார் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். விருந்தாளி வந்தால், "எங்க ஊட்டு மருமவ கையில சாப்டுட்டுப் போங்க," என்று மறித்து உட்கார வைப்பார். அப்படிப்பட்டவர் அறுபது தாண்டியதும் ஒருநாள் வைஷ்ணவ தீட்சை வாங்கி, தோளில் சங்கு சக்கர முத்திரை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அன்றோடு வீட்டில் கறி இல்லை, மீன் இல்லை, பூண்டு இல்லை, வெங்காயம் இல்லை.

அதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று தலைக்குக் குளித்து, புதுப்பானை வாங்கி, பருப்பும் சோறும் பொங்கி இலை போட்டேன். அவர் உட்காரவே இல்லை. இலையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "கவுச்சி அள்ளின கைம்மா அது. இனிமே எனக்கு நானே பொங்கிக்கிறேன்," என்றார். கூடத்து மூலையில் தனியாக ஓர் அடுப்பு போட்டுக்கொண்டார். அந்தக் கவுச்சியை இருபது வருஷம் யார் கேட்டு, யாருக்காக அள்ளினேன்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "வுடு, வயசாயிடுச்சி," என்பார். அவருக்கென்ன, சந்தை நாள் தவறாமல் அக்கா ஊருக்குப் போய் மூக்குமுட்டக் கறி தின்றுவிட்டு, வாயில் நாலு வெற்றிலையை அடக்கிக்கொண்டு வருகிறவர்.

நாய் என் தாய்வீட்டு நாய். அம்மா காரியம் முடிந்து நான் வண்டியேறியபோது, கூப்பிடாமலேயே ஐந்து மைல் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தது. அம்மா வீட்டில் அதற்குக் கறியும் எலும்பும் தாராளம். இங்கே வந்த ஆறாம் மாதம் மாமனார் முத்திரை வாங்கினார், நாய்க்கும் தயிர்சாதம் என்றாகிவிட்டது. ஒன்றரை வருஷத்தில் விலா எலும்பை எண்ணலாம் போல ஆயிற்று. முதுகில் மயிர் கொட்டி, சொறி பிடித்து, சுவரில் சுண்ணாம்பை நக்க ஆரம்பித்தது. தாய்வீட்டு வழியில் எனக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அது என் கண்ணெதிரே தேய்ந்துகொண்டு வந்தது எனக்குத் தாங்கவில்லை.

கன்று ஈனாத பசுவைப் பார்க்க வந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் நாயையும் காட்டினேன். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். "இன்னா போடுறீங்க?" என்றார்.

"தயிர்சாதம்."

"தயிர்சாதம் திங்கறதுக்கா இந்தப் பல்லு? மருந்தெல்லாம் வேணாம்மா. பச்சைக் கறி, பச்சை எலும்பு. வேக வைக்கவே கூடாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பா உடையும், வாயில குத்திக்கினா உசிருக்கே ஆபத்து. பச்சையாவே போடுங்க," என்றார். இரண்டு தரம் சொன்னார். நானும் இரண்டு தரம் தலையாட்டினேன்.

மாமனாரிடம் என் வீட்டுக்காரர்தான் கேட்டார், பாதி வார்த்தையை மென்று விழுங்கிக்கொண்டு. வாயில்லா ஜீவன் என்பதால் மாமனார் முடியாது என்று சொல்லவில்லை. நெற்றிக்கு இடுகிற நாமக்கட்டியை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனார். கிணற்றடி தாண்டி, மாட்டுக்கொட்டகைக்கு முன்னால், இந்தச் சுவரிலிருந்து அந்த வேலி வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். "எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு துணுக்கு வரக்கூடாது. போட்டுட்டு வந்தா தலைக்குத் தண்ணி ஊத்திக்கினுதான் ஊட்டுக்குள்ள வரணும்," என்றார். யார் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

கறிக்கடை பெரிய காஞ்சிபுரத்தில். போக வர ஒரு பொழுது. பழைய பழக்கத்தில் பாய் கூறு போட ஆரம்பித்தார். "எனக்கில்லை பாய், நாய்க்கு. நெஞ்செலும்பு, கழுத்தெலும்பு, சவ்வு இருந்தா குடுங்க," என்றேன்.

"நாய்க்கா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முன்ன இந்த நாய் நல்லி எலும்பால்ல கேக்கும்," என்றார். அங்கே நின்ற எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் தாமரை இலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக் கூடையில் போட்டு, மேலே நாலு கட்டு முளைக்கீரையைப் பரப்பிக்கொண்டு நடந்தேன். எங்கள் தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் கீரையைப் பார்க்கவில்லை, கீரைக்குமேல் வட்டமிட்ட காக்கையைப் பார்த்தார்கள். "இன்னாம்மா, பெரியவரு முத்திரையை அழிச்சிட்டாரா?" என்றார் ஒருவர். காக்கையை விரட்டிக்கொண்டே வந்துவிட்டேன்.

இவ்வளவு பட்டுக் கொண்டுவந்து போட்டால், அந்த நாய் முகர்ந்து பார்த்துத் தும்மியது. பிறகு கோட்டைத் தாண்டி வந்து தயிர்ப்பானை இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. தயிர்சாதத்துக்குள் கறியை ஒளித்து வைத்தேன். சாதத்தை நக்கித் தின்றுவிட்டு, கறித் துண்டுகளைக் கழுவி வைத்தது போல வரிசையாக விட்டிருந்தது. மறுநாள் எதுவுமே போடாமல் பட்டினி போட்டேன். நாள் முழுவதும் தெருவே கேட்க ஊளையிட்டது. மாமனாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"பாத்தியாம்மா, அதுக்கே வேணாங்குது. பெருமாள் அதும்மேலயும் கண்ணு வெச்சிட்டாரு," என்றார். எனக்கும் சேர்த்து ஒரு வார்த்தை அதில் இருந்தது. நான் கேட்காத மாதிரி சாணி வாரினேன்.

மூன்றாம் நாள் பசி தாங்காமல் ஒரு சவ்வைக் கடித்தது. நாலாம் நாள் எலும்பு. அதற்கப்புறம் என்ன கேட்க வேண்டும், பொட்டலத்தை அவிழ்க்கும் முன்பே இலையோடு பிடுங்கும். சாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டேன். சொறி காய்ந்தது. முதுகில் புதுமயிர் அரும்பியது. அப்பாடா என்று நான் உட்காரவில்லை, மாமனார் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் அங்கேயே நின்று என்னைக் கூப்பிட்டார். துளசி மாடத்து மண்ணைக் கிளறி நாய் ஒரு விலா எலும்பைப் புதைத்து வைத்திருந்தது. அத்தனை பெரிய புழக்கடையில் அதற்கு வேறு இடம் அகப்படவில்லை. துளசியைப் பிடுங்கி, மண்ணை மாற்றி, வேறு செடி நட்டு, நானும் குளித்து, மாடத்தையும் குளிப்பாட்டினேன். மாமனார் கோட்டை இன்னும் தடிப்பாக இழுத்தார். நாய் அந்தக் கோட்டையும் ஒருதரம் நக்கிப் பார்த்தது.

இப்படியே ஐப்பசி வந்தது. அடைமழை. கோடு கரையக் கரைய மாமனார் மறுபடி மறுபடி இழுத்தார். மழையில் நடந்து கறி வாங்கி, மழையில் நாய்க்குப் போட்டு, மழையிலேயே நின்று கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். எனக்குத் தொண்டை கட்டி, நெஞ்சில் சளி கோத்துக்கொண்டது. ஒருநாள் முற்பகலில் பொட்டலத்தை அவிழ்த்தால் உள்ளே இரண்டு நல்லி எலும்பு. பாய் என் இருமலைக் கேட்டு இரக்கப்பட்டுப் போட்டாரோ, கேலிக்குப் போட்டாரோ தெரியாது. இளம் ஆட்டு எலும்பு. ஓரத்தில் சிவப்பாகக் கறி ஒட்டியிருந்தது.

நான் ஒன்றும் மறைக்கப் போவதில்லை. மாட்டுக்கொட்டகையில் பருத்திக்கொட்டை வேக வைக்கிற அடுப்பும் பழைய சட்டியும் இருந்தன. கைப்பிடி மிளகைத் தட்டிப் போட்டு, உப்புப் போட்டு, அந்த எலும்பை வேக வைத்தேன். சாணிக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, சாற்றை ஊதி ஊதிக் குடித்தேன். இரண்டு வருஷத்துக்கப்புறம் நாக்கில் உறைப்பாகக் கறியின் ருசி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா செத்தபோதுகூட அப்படி வரவில்லை.

நாய் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னது எனக்கு மறந்துபோயிற்று என்று சொன்னால் அது பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. ஒருதரம்தானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெந்த எலும்பைப் போட்டேன். தடயமும் போய்விடும் என்று ஒரு கணக்கு உள்ளே இருந்தது.

சட்டியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்புகிறேன், நாய் முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறது. வாய் மூடவில்லை. எச்சில் நூலாக வழிகிறது, அதில் ரத்தம். தலையைத் தரையில் தேய்த்து ஓர் ஓலம் போட்டது. பிடிக்கப் போனேன், திமிறி என்னைக் கீழே தள்ளிவிட்டது. வீட்டுக்காரர் நிலத்தில். வாய்விட்டு நான் கூப்பிட்டது, "மாமா."

அவர் அப்போதுதான் குளித்து, பன்னிரண்டு நாமமும் இட்டு, உலையில் அரிசி போட்டிருந்தார். புழக்கடை வாசலில் வந்து நின்று பார்த்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மூச்சு நேரம் நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டை மிதித்துத் தாண்டி வந்தார்.

"பின்னாங்காலை அழுத்திப் புடி. வுட்டுடாதே," என்றார். நாற்பது வருஷம் காளைகளுக்கு மூக்கணாங்கயிறு போட்டவர். நாயை முழங்காலுக்கிடையில் இடுக்கி, இடது கையால் தாடையைப் பிளந்து, வலது கையை வாய்க்குள் விட்டார். மேல்வாயில் இரண்டு கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே ஒரு சிம்பு குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. நாய் அவர் கையைக் கடித்தது. அவர் கையை எடுக்கவில்லை. விரலால் நெம்பி, ஒரு சுண்டு சுண்டி வெளியே இழுத்தார். நாய் துள்ளி எழுந்து, இரண்டு தரம் இருமி, தொட்டியில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்தது.

மாமனார் அந்தச் சிம்பை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். அதை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு, கடிபட்ட கையோடு கிணற்றடிக்குப் போனார். நான் கயிற்றைத் தொட்டபோது, "இரு, நானே சேந்திக்கிறேன்," என்றார். மழையில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். நாமமெல்லாம் கரைந்து மார்பில் ஓடியது.

நானும் குளித்துவிட்டு உள்ளே போனபோது கூடம் முழுவதும் தீய்ந்த வாடை. அவர் சோறு பானையோடு கரிந்துபோயிருந்தது. அவர் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, என் அடுப்படிப் பக்கமாக வந்து தரையில் உட்கார்ந்தார்.

"இருக்கறதைப் போடும்மா," என்றார்.

காலையில் ஆக்கிய சோறும் மிளகு ரசமும் இருந்தன. பேசாமல் போட்டிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷமாக அடக்கி வைத்தது வாய்க்கு வந்துவிட்டது. "கவுச்சி அள்ளின கையாச்சே மாமா இது," என்றேன்.

துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கை மட்டும் இன்னாவாம்?" என்றார்.

இலை போட்டேன். சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினேன். வலது கையில் காயம், பிசைய எரிந்திருக்க வேண்டும், மெதுவாகத்தான் பிசைந்தார். நாலு வாய் சாப்பிட்டார். வெளியே மழைச் சத்தமும், தொட்டியடியில் நாய் உடம்பை உதறுகிற சத்தமும்தான்.

"மிளகு தூக்கல்," என்றார்.

"ஆமாம் மாமா, சளிக்குன்னு கொஞ்சம் சேத்துப் போட்டேன்."

"எலும்புலயும் இதே அளவுதான் இருந்துச்சி," என்றார், இலையைவிட்டுத் தலையைத் தூக்காமல். எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"நின்னுக்கினே இருந்தா எப்பிடி? இன்னொரு கரண்டி ஊத்து," என்றார்.

ஊற்றினேன்.